பழைய ஃபைபர் படகு வாங்கும் முன்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தமிழகக் கரையில் அடிக்கடி கைமாறுவது 24 முதல் 32 அடி வரை நீளமுள்ள ஃபைபர் படகும், அதன் அமரத்தில் (பின்முனையில்) தொங்கும் 8 முதல் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும்தான். இந்த வழிமுறை அவற்றுக்கானது. விசைப்படகுக்கு இது போதாது.

ஒரே அறிகுறிக்கு இருபது ரூபாய் வாஷரும் காரணமாக இருக்கலாம், புது மோட்டார் விலைக்குப் பக்கத்தில் போகிற செலவும் காரணமாக இருக்கலாம். "வாஷர்தான் அண்ணே, மாத்தினா சரியாயிடும்" என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் மலிவான காரணத்திலிருந்து தொடங்கி மேலே போங்கள். எந்தச் சோதனையில் சந்தேகம் நிற்கிறதோ, அங்கேதான் விலை பேச வேண்டும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: சின்னப் பிளாஸ்டிக் சுத்தியல், டார்ச், சாக்குக்கட்டி, மெல்லிய கம்பி, 21 மி.மீ. பிளக் ஸ்பேனர், கம்ப்ரஷன் கேஜ், பெரிய ஸ்க்ரூடிரைவர், வெள்ளைக் காகிதக் கப் இரண்டு, 5 மி.மீ. டிரில் பிட். "நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக சிலிண்டர் தலையை (ஹெட்) தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்கும் குளிர் ஸ்டார்ட் சோதனை அன்றைக்குக் கிடையாது; இன்னொரு நாள் வாருங்கள்.

மோட்டாரை விட்டுவிட்டு உடலில் தொடங்குங்கள். மோட்டாரைக் கழற்றி வேறு மாட்டலாம், உடலை அப்படி மாற்ற முடியாது.

## பின்பலகையைத் தட்டினால் "பொத்" என்கிறது

மோட்டார் மாட்டும் பின்பலகை வெறும் ஃபைபர் அல்ல. நடுவில் மரைன் பிளைவுட், இருபுறமும் ஃபைபர். பழைய படகில் முதலில் சாவது இந்த மரம்தான். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே மரம் ஊறிய ரொட்டிபோல இருக்கும்.

சுத்தியலால் ஒரு சாணுக்கு ஒரு தட்டாக மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் "டக்" என்று கூர்மையாகச் சொல்லும். கெட்ட இடத்தில் ஓசை அடங்கிவிடும். அந்த இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மட்டும் நிற்கின்றனவா, கீழ் விளிம்பு முழுக்கப் பரவுகின்றனவா என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது.

அடுத்து மோட்டாரைத் தூக்கி லாக் செய்து, புரொப்பெல்லர் இருக்கும் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து உடம்பு எடையோடு அழுத்தி, பிறகு தூக்குங்கள். இன்னொருவர் பின்பலகையின் மேல் விளிம்பைப் பார்க்கட்டும்.

பலகை அசையாமல் பிராக்கெட் மட்டும் ஆடினால், போல்ட் தளர்வு அல்லது பிராக்கெட் புஷ் தேய்மானம். சிறு வேலை.

போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிகிறது, ஆனால் பலகை வளையவில்லை என்றால், ஓட்டைகளுக்கு சீலன்ட் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, உலர விட்டு, எப்பாக்ஸி நிரப்பி மறுபடி துளைத்தால் போதும்.

மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தாலோ, பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் விரிசல் வாய்திறந்தாலோ, உள் மரம் முழுவதும் போயிருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய, உரிமையாளர் சம்மதத்தோடு உள்பக்கத்திலிருந்து மூன்று இடத்தில் 5 மி.மீ. துளை போடுங்கள்: கீழ் மூலைகள் இரண்டு, வடிகால் அடைப்பானுக்கு மேலே ஒன்று. பிட் மறுபுறம் வெளியே வரக் கூடாது, மரத்தோடு நிற்க வேண்டும். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, புளித்த நாற்றத்தோடு வந்தால் அழுகல். துளைகளை அன்றே எப்பாக்ஸியால் அடைத்துவிடுங்கள். சோதித்தவரே நீர் புக வழி வைத்துவிட்டுப் போகக் கூடாது.

மூன்றில் இரண்டு துளை ஈரம் என்றால் படகு கட்டுபவரை அழைத்து, உள் மரம் முழுக்க மாற்ற என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையை விலையில் கழிக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த நிலையில் 40 குதிரைத்திறன் மோட்டாரை மாட்டி அலையில் போவது உயிருக்கு ஆபத்து. பலகை பிய்ந்தால் மோட்டார் மட்டும் போகாது, அமரம் வழியாகக் கடல் உள்ளே வரும்.

## அளவுக்கு மீறிக் கனக்கிறது, நீரில் தாழ உட்காருகிறது

நாலு பேர் தள்ளினால் நகர வேண்டிய படகு எட்டுப் பேருக்கும் அசையவில்லை என்றால் எங்கோ நீர் சேர்ந்திருக்கிறது.

அணியத்தை (முன்முனையை) உயர்த்தி வைத்து வடிகால் அடைப்பானைக் கழற்றுங்கள். பத்து நிமிடத்தில் வடிந்து நின்றால் அது வெறும் தேங்கிய நீர். அடைப்பானின் வாஷரை மாற்றினால் முடிந்தது. மறுநாள் காலையிலும் சொட்டுச் சொட்டாக வந்தால், மிதப்புக்காக அடைத்த நுரை நீரைக் குடித்திருக்கிறது.

வருவது மழை நீரா கடல் நீரா என்று பாருங்கள். பெட்ரோல் வாடை இல்லாவிட்டால் விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கு நுனியில் வைத்தாலே தெரியும். உப்பு கரிக்கவில்லையென்றால் மேல்தளத்து மூடி, திருகு ஓட்டை வழியாக மழை இறங்கியிருக்கலாம். உப்பு என்றால் அடிப்பக்கத்தில் வழி இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.

மிதப்பு அறையில் வெள்ளைத் தெர்மோகோல் அடைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்ரோல் பட்டால் அது கரைந்துபோகும். டாங்க் வைக்கும் இடத்துக்குப் பக்கத்து அறையைத் தட்டிப் பாருங்கள். மற்ற அறைகளைவிட வெறுமையாக ஒலித்தால் உள்ளே மிதப்பே இல்லாமல் இருக்கலாம்.

சந்தேகம் தீரவில்லையா, படகை வண்டியில் ஏற்றி எடை மேடையில் நிறுத்துங்கள். அதே அளவுப் படகின் வெறும் எடையை அதைக் கட்டும் பட்டறையில் கேட்டு ஒப்பிடுங்கள். நூறு, இருநூறு கிலோ கூடுதல் என்றால் தளத்தை வெட்டி நுரையை எடுக்க வேண்டிய வேலை. அது பட்டறை வேலை, கரையில் வைத்துச் செய்வதல்ல.

## அடியில் கொப்புளம், விரிசல், அல்லது சந்தேகப்படும்படி புதுப் பெயிண்ட்

கொப்புளத்தைப் படகு நீரிலிருந்து ஏறிய அன்றே பார்க்க வேண்டும். சில நாள் வெயிலில் கிடந்தால் பல கொப்புளங்கள் வற்றி அமுங்கிவிடும். முகத்துவாரத்திலும் துறைமுகத்திலும் எப்போதும் நீரில் கட்டிக்கிடந்த படகில் கொப்புளம் அதிகம். தினமும் மணலில் ஏற்றும் படகில் குறைவு. மணலில் ஏற்றும் படகுக்கு வேறு நோய்: ஏரா என்கிற அடிக்கட்டை தேய்ந்து கண்ணாடி இழை வெளியே தெரியும். அந்த இழை வழியே நீர் உள்ளே ஏறும். ஏராவின் அடியில் குனிந்து விரலால் தடவுங்கள். இழை குத்தினால் மேலே புது ஃபைபர் போடும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்துங்கள், முகத்தைத் தள்ளி வைத்து. உள்ளே அழுத்தம் இருப்பதால் தெறிக்கும். வெறும் காற்று என்றால் பெயிண்ட் உப்பல். வினிகர் போன்ற புளிப்பு நாற்றத்தோடு திரவம் வந்தால் நீர் ஜெல்கோட்டை (ஃபைபரின் வழவழப்பான மேற்பூச்சை) தாண்டி ரெசினுக்குள் போய்விட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தேய்த்து, உலர்த்தி, எப்பாக்ஸி நிரப்பலாம். அடி முழுக்க என்றால் ஜெல்கோட்டை உரித்து வாரக்கணக்கில் உலர்த்த வேண்டும்.

விரிசலுக்கு அதன் வடிவம்தான் சாட்சி. பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தேய்த்துத் துடைத்தால் மயிரிழை விரிசலும் கறுத்துத் தெரியும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல ஓடினால் அடிபட்ட இடம். உள்பக்கம் அதே இடத்தில் ஃபைபர் வெளுத்திருந்தால் அடுக்குகள் பிரிந்துவிட்டன. உள் சட்டத்தின் நீளத்துக்கு இணையாகக் கோடு கோடாக ஓடினால் சட்டம் உடலிலிருந்து விட்டுப்போய், அடித்தட்டு ஒவ்வொரு அலைக்கும் வளைகிறது. இரண்டாவதுதான் மோசம், மேலே பூசி மறைத்தால் ஒரே பருவத்தில் திரும்ப வரும்.

விற்பதற்கு முன் அடித்த புதுப் பெயிண்டை அழகு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் உள்ளங்கை அளவு தேய்த்துப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் ஏராளமான ஃபைபர் படகுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஃபைபர் அடுக்கு குறைவாகவும் சமமில்லாமலும் போட்டவை இருந்தன. 2005, 2006 ஆண்டுப் படகு என்றால் தடிமனைக் கட்டாயம் பாருங்கள். வடிகால் ஓட்டையின் விளிம்பில் வெர்னியர் வைக்கலாம். உள்பக்கம் பெயிண்ட் இல்லாத படகாக இருந்தால், இருட்டிய பிறகு ஒருவர் உள்ளிருந்து டார்ச்சை உடலோடு ஒட்டி நகர்த்த, மற்றவர் வெளியிலிருந்து பார்க்கலாம். ஒளி திடீரென்று கூடும் இடம் மெலிந்த இடம், திட்டாக இருளும் இடம் ஒட்டுப் போட்ட இடம். அடர்நிறப் படகில் இது பலிக்காது.

## இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

இதில் பாதிக்கு மேல் சின்னக் காரணங்கள். டாங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, அவசர நிறுத்தக் கயிறு மாட்டியிருக்கிறதா, எரிபொருள் குழாயின் ரப்பர் பந்து அழுத்தினால் கெட்டிப்படுகிறதா பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் என்றால் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றாமல் விட்டிருந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் மக்கர் செய்யும்.

பிறகு பிளக். கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்தது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் கலவை அதிகம், அல்லது அந்த சிலிண்டரில் பொறி இல்லை. ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் மகிழ வேண்டாம், நீர் உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். வெளுத்து, மேலே அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது.

எல்லாப் பிளக்கையும் கழற்றிய நிலையிலேயே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பாருங்கள். பிளக் வயர்களை இன்ஜின் உடலோடு தொடும்படி வையுங்கள், நிறுத்தக் கயிற்றைக் கழற்றுங்கள், ஆக்சிலேட்டரை முழுக்கத் திறங்கள். கேஜைத் திருகி, முள் ஏறுவது நிற்கும்வரை ஐந்தாறு முறை முழு வீச்சில் கயிற்றை இழுங்கள். எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக்கில் இரண்டு சிலிண்டரும் 110 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டினால் நிம்மதி. ஒன்று 115, மற்றது 80 என்றால் இரண்டாவது சிலிண்டர் போய்க்கொண்டிருக்கிறது.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறவில்லையென்றால் ஹெட் கேஸ்கெட். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வும். கேஸ்கெட்டோடு முடியுமா, சிலிண்டரைப் போர் செய்து (உள்ளே கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டுமா என்பதை ஹெட்டைத் திறந்த மெக்கானிக் மட்டுமே சொல்ல முடியும். வாங்கும் முன் திறக்கவிட மாட்டார்கள் என்பதால், பெரிய செலவு என்றே கணக்கு வைத்துப் பேசுங்கள்.

## நீர்த்தாரை மெலிந்து வருகிறது

இன்ஜின் ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து பீய்ச்சும் தாரைதான் குளிர்ச்சி நடக்கிறது என்பதற்கு அடையாளம். கரையில் சோதிப்பதானால் பீப்பாயில் நீர் நிரப்பி, புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு முழுகும்படி மோட்டாரை இறக்குங்கள். நீர் இல்லாமல் "சும்மா ஒரு தடவை" ஓட்டிக் காட்டச் சம்மதிக்காதீர்கள். பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

துளையில் உப்போ குளவிக்கூடோ அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். அடுத்தது நீர் உள்ளே போகும் சல்லடையில் பாசி. பிறகு இம்பெல்லர், எப்படியும் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டிய பொருள்தான், அதற்காகப் படகை ஒதுக்க வேண்டாம்.

தாரை நன்றாக வருகிறது, ஆனால் ஹெட்டில் கை வைக்க முடியாத சூடு என்றால் தெர்மோஸ்டாட், அல்லது உள் வழிகளில் உப்புக் கட்டி. ஒவ்வொரு நாளும் நல்ல நீரில் ஓட்டிக் கழுவாத மோட்டாரின் கதி இது. ஹெட்டைச் சுற்றிப் பெயிண்ட் பழுத்து உரிந்திருந்தால் ஏற்கெனவே ஒருமுறை கொதித்திருக்கிறது; கம்ப்ரஷன் எண்ணை மறுபடி கவனமாகப் பாருங்கள்.

## கியர் ஆயில் மோர்போல வெளுத்திருக்கிறது

மோட்டார் ஓர் இரவாவது நேராக நின்றிருக்க வேண்டும். கியர் பெட்டியின் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி முதலில் வருவதைக் காகிதக் கப்பில் பிடியுங்கள். நீர் கனமானது, இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

ஆயில் புத்தம் புதிதாகத் தங்க நிறத்தில் இருந்தால் அது சான்று அல்ல, நேற்று மாற்றியிருக்கலாம். கடலில் அரை மணி நேரம் சுமையோடு ஓட்டி வந்து, ஒரு மணி நேரம் நிறுத்தி மறுபடி பாருங்கள். இந்த இரண்டாம் சோதனையைத் தவிர்த்து ஏமாந்தவர்கள் அதிகம்.

வெளுத்திருந்தால் முதல் சந்தேகம் திருகு வாஷர். பல ஆண்டு ஒரே வாஷரை இறுக்கி இறுக்கித் தகடாக்கியிருப்பார்கள். அடுத்து புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். தங்கூசி நூலும் வலைத் துண்டும் தண்டில் சுற்றி உள்ளே போய் சீலை அறுப்பது மீன்பிடிப் படகில் சாதாரணம். நூல் சுற்றியிருந்தால் சீல் போயிருக்கும் என்றே வையுங்கள். சீல் மலிவு. சீல் உட்காரும் இடத்தில் தண்டில் நகம் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது, தண்டையே மாற்ற வேண்டும்.

கியர் பெட்டியை வடித்துவிட்டு 10 பிஎஸ்ஐ காற்று ஏற்றி ஐந்து நிமிடம் பிடிக்கச் சொன்னால் மெக்கானிக் வழியைக் கண்டுபிடித்துவிடுவார். சோப்பு நீரில் குமிழி வரும் இடம்தான் கசிவு.

திருகின் காந்த நுனியில் சாம்பல் பசைபோல் ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் எடுக்கக்கூடிய சில்லுகள் வந்தால் கியர் பல் உடைகிறது. அங்கே சோதனையை நிறுத்தி, கீழ்ப் பெட்டி முழுதும் மாற்றும் விலையைக் கேளுங்கள்.

## இன்ஜின் இரைகிறது, படகு நகரவில்லை

வலை, பாசி, பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறதா என்பது முதல் பார்வை. சிறு மோட்டாரில் ஷியர் பின் (புரொப்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சிறு கம்பி) உடைந்திருக்கும். புதுப் பின் போட்டால் தீரும். மோட்டார் அதிக உயரத்தில் மாட்டியிருந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும். அதன் மேல்தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராக, அல்லது அரை அங்குலம் கீழே இருக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் புரொப்பெல்லரின் நடு ரப்பர் புஷ் வழுக்குகிறது. நடுக்குழலுக்கும் வெளிக்குழலுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு முழு வேகத்தில் ஓடி வாருங்கள். கோடு பிரிந்திருந்தால் புஷ் மாற்ற வேண்டும், அல்லது புரொப்பெல்லரையே.

"டக் டக்" என்று அதிர்ந்து கியர் தானாகக் கழன்றால் வேறு கதை. முதலில் ஷிஃப்ட் கம்பியின் அளவைச் சரிசெய்து பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே கிளட்ச் டாக் (கியரைக் கவ்விப் பிடிக்கும் பல்) முனை மழுங்கிவிட்டது. மெக்கானிக் இல்லாமல் இதற்கு மேல் போக வேண்டாம்.

## கரையில் நன்றாக ஓடுகிறது, கடலில் திணறுகிறது

பீப்பாயில் பாடும் இன்ஜின் சுமையில் படுத்துவிடும். அதனால் நாலு பேரை ஏற்றி, குறைந்தது அரை மணி நேரம், அதில் ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

திணறும்போது ரப்பர் பந்தை அழுத்துங்கள். உடனே தேறினால் எரிபொருள் பற்றாக்குறை: காற்றுத் திருகு, ஃபில்டர், குழாயில் காற்றுக்கசிவு, பம்ப் டயாஃப்ரம், இந்த வரிசையில் பாருங்கள். தேறவில்லையென்றால் கார்புரேட்டர் ஜெட் அடைப்பு, அல்லது ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இரண்டாவதற்கு, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் வயரைக் கழற்றி உடலோடு தொடும்படி வைத்து மறுபடி ஓட்டுங்கள்; அடுத்து மற்றது. எந்த வயரைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லையோ அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. ஓடும்போது வெறும் கையால் வயரைப் பிடுங்க வேண்டாம், அதிர்ச்சி கடுமையாக இருக்கும்.

இரண்டு சிலிண்டரும் சமமாக வேலை செய்தும் முழு வேகத்தில் சுழற்சி ஏறவில்லையென்றால் புரொப்பெல்லரின் பிட்ச் (இலையின் சாய்வு) அதிகம், அல்லது நீர் குடித்த உடல். கனம் பற்றிச் சொன்ன சோதனைக்குத் திரும்புங்கள். அந்தக் கனமும் இந்தத் திணறலும் ஒரே கோளாறாக இருக்கலாம்.

## எண் தேய்ந்திருக்கிறது, காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை

மோட்டாரின் தொடர் எண் பெரும்பாலும் பிராக்கெட்டில் ஒட்டிய தகட்டில் இருக்கும். தகடு புதிதாக ரிவெட் அடித்திருந்தாலோ, பிடுங்கிய தடம் மட்டும் இருந்தாலோ விளக்கம் கேளுங்கள். பிராக்கெட்டை வேறு மோட்டாரிலிருந்து மாற்றியிருப்பதும் உண்டு. அப்படியானால் அதற்கான ரசீது இருக்க வேண்டும்.

படகின் பக்கத்தில் எழுதிய பதிவு எண், மீன்வளத் துறை பதிவுச் சான்று, விற்பவரின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "பேர் மாத்தலை, அப்பா பேர்லதான் இருக்கு" என்றால் வாரிசுகள் எல்லோரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். மானியத்தில் வாங்கிய மோட்டாராக இருந்தால் விற்க நிபந்தனை உண்டா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். படகின் பேரில் கடன் நிலுவை இருக்கிறதா என்று அந்தக் கிராமத்துச் சங்கத்திலும் விசாரியுங்கள். காகிதத்தில் இல்லாத கடன் அங்கேதான் தெரியவரும்.